வார் தண்டர்: அப்டேட்டுக்கு அப்டேட் எது மாறுகிறது, எது மாறுவதில்லை?

கேள்வி: வார் தண்டர் என்ற இணையவழிப் போர் விளையாட்டில் தரைப் போரை ரியலிஸ்டிக் முறையில் ஓராண்டாக ஆடுகிறேன். பெரும்பாலும் ஜெர்மன் டேங்குகள். ஓர் உத்தியைப் பழகி முடிப்பதற்குள் அடுத்த அப்டேட் வந்து எல்லாவற்றையும் புரட்டிப் போட்டுவிடுகிறது. உத்தி கற்பதில் பயன் உண்டா? அல்லது ஒவ்வொரு அப்டேட்டிலும் எந்த வண்டி வலுவாக இருக்கிறதோ அதைத் தேடிப் பிடிப்பதுதான் வழியா?

பதில்:

பயன் நிச்சயம் உண்டு. ஆனால் எதைக் கற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ‘இந்த வண்டி இந்த பி.ஆரில் வலுவானது’ என்பது எண்ணைச் சார்ந்த அறிவு (பி.ஆர்., அதாவது பேட்டில் ரேட்டிங், ஒரு வண்டி எந்த எதிரிகளோடு சேர்க்கப்படும் என்பதைத் தீர்மானிக்கும் எண்). அடுத்த மாதம் அந்த எண் மாறினால் அந்த அறிவும் போய்விடும். ‘கவசத்தை எத்தனை டிகிரி திருப்ப வேண்டும், மேட்டுக்குப் பின்னால் எங்கே நிற்க வேண்டும், எதிராளி என்னைப் பார்ப்பதற்கு முன் நான் அவரை எப்படிப் பார்ப்பது’ என்பவை வடிவக் கணிதமும் தகவலும் சார்ந்தவை. 2014-இல் விளையாட்டுக்குள் டேங்குகள் வந்த காலத்திலிருந்து இன்றுவரை அவற்றை எந்த அப்டேட்டும் ஒழித்ததில்லை. வலுவான வண்டியைத் துரத்துகிறவர்கள் ஒவ்வொரு அப்டேட்டிலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

நீங்கள் ஜெர்மன் டேங்க் ஆடுவதாகச் சொல்வதால் டைகரிலேயே தொடங்குகிறேன். டைகரின் முன்கவசம் ஏறக்குறைய செங்குத்தான 100 மி.மீ. தகடு. பக்கக் கவசத்தின் மேல்பகுதி 80 மி.மீ. சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கும் கீழ்ப்பகுதி 60 மி.மீ.தான். எதிரில் 75 மி.மீ. பீரங்கி கொண்ட அமெரிக்க ஷெர்மன் டேங்க் நிற்கிறது என்று வையுங்கள். விளையாட்டில் அதன் சாதாரணக் கவசத்துளைப்புக் குண்டு நெருக்கத்தில் 100 மி.மீ.க்குச் சற்று மேல் துளைக்கும். அப்படியானால் நேருக்கு நேர் நின்றால் உங்கள் உயிர் அதிர்ஷ்டத்தின் கையில். இப்போது வண்டியை 30 டிகிரி திருப்புங்கள். குண்டு கடக்க வேண்டிய முன்தகட்டின் தடிமன் 115 மி.மீ. ஆகிறது. பக்கத்தின் மேல்தகடு 160, கீழ்த்தகடு 120. எந்தப் பக்கம் சுட்டாலும் 100 மி.மீ. அளவில் துளைக்கும் குண்டுக்கு வழியில்லை. ‘இன்னும் கொஞ்சம் திருப்பினால் இன்னும் நல்லதுதானே’ என்று 40 டிகிரிக்குப் போனால் முன்தகடு 130 ஆகும், மேல்பக்கம் 124 ஆகும், ஆனால் கீழ்ப்பக்கம் 93-க்கு இறங்கிவிடும். ஷெர்மனுக்கு நீங்களே கதவைத் திறந்து கொடுத்த மாதிரி. டைகர் ஓட்டுகிறவர்கள் 30 டிகிரியை வலியுறுத்துவதற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

இதே பழக்கத்தோடு பாந்தருக்கு மாறுகிறவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள். பாந்தரின் முன்தகடு 80 மி.மீ.தான் என்றாலும் 55 டிகிரி சாய்ந்திருப்பதால் நேராக நின்றாலே 139 மி.மீ. தடிமன் கிடைக்கிறது. ஆனால் கீழ்ப்பக்கத் தகடு வெறும் 40 மி.மீ. டைகர் மாதிரி 30 டிகிரி திருப்பினால் அது 80 மி.மீ.க்கு மேல் தராது. அதே ஷெர்மன் எளிதாகத் துளைத்துவிடும். அதனால் பாந்தர் எதிரியை நேராகப் பார்த்து நிற்க வேண்டிய வண்டி. அது பின்னோக்கி மணிக்கு 4 கி.மீ. வேகத்தில்தான் நகரும். தெருமுனையில் முகத்தைக் காட்டிவிட்டுப் பின்வாங்கும் ஆட்டம் அதற்கு ஒத்துவராது. நீண்ட பார்வை கிடைக்கும் இடத்தில், பக்கவாட்டு மூடியிருக்கும்படி நின்றால் அந்த வண்டி தன் முழு மதிப்பைக் காட்டும்.

இந்த எண்களை மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. உங்களிடம் இருக்கும் ஒவ்வொரு வண்டிக்கும் இந்தக் கணக்கை ஒருமுறையாவது போட்டுப் பாருங்கள். ஹேங்கரில், அதாவது வண்டிகளைப் பார்க்கும் முகப்புத் திரையில், இருக்கும் கவசப் பகுப்பாய்வு வசதி இதற்காகவே இருக்கிறது. எதிரி வண்டி, அதன் குண்டு, தூரம் மூன்றையும் தேர்ந்தெடுத்து உங்கள் வண்டியைச் சுற்றிப் பார்த்தால் எங்கே துளைக்கும், எங்கே துளைக்காது என்று நிறத்தில் காட்டும். விளையாட்டு வெறும் சாய்வுக் கணக்கோடு நிற்பதில்லை; குண்டின் வகைக்கேற்ப சாய்வின் பலனைக் கூட்டியும் குறைத்தும் கணக்கிடுகிறது. அதனால் என் எண்களை அடிப்படையாக வைத்துக்கொண்டு பகுப்பாய்வில் சரிபாருங்கள். இந்த 30 டிகிரி பாதுகாப்பு ஷெர்மனின் 75 மி.மீ. பீரங்கி போன்றவற்றுக்கு எதிரானது என்பதும் நினைவிருக்கட்டும். நெருக்கத்தில் 85 மி.மீ. பீரங்கியோ, எந்தத் தூரத்திலும் 122 மி.மீ. பீரங்கியோ வந்தால் கவசத்தை நம்பாமல் மறைப்பை நம்ப வேண்டும்.

பனிப்போர்க் கால வண்டிகளுக்கு ஏறும்போது இந்தப் பாடம் அப்படியே தலைகீழாகும். நவீன அம்புக் குண்டுகள், அதாவது ஏபிஎஃப்எஸ்டிஎஸ் வகை, சாய்வைப் பெரிதாக மதிப்பதில்லை. அந்தக் காலத்து டேங்குகளின் கூட்டுக் கவசம் முழுக்க முன்பக்கம் குவிந்திருக்கிறது. பக்கவாட்டு மெல்லியது. எனவே லெப்பர்ட் 2, ஏப்ரம்ஸ் ஓட்டும்போது டைகர் பழக்கத்தில் உடலைத் திருப்பினால் பலவீனமான பக்கத்தை எதிரிக்குக் கொடுக்கிறீர்கள். நேராக நிற்க வேண்டும். அதைவிட நல்லது, உடலே தெரியாமல் நிற்பது.

உடல் தெரியாமல் நிற்பது என்றதும் தரையின் கதைக்கு வருகிறோம். என்னைக் கேட்டால் இந்த விளையாட்டின் மிக ஆழமான பகுதி இதுதான். ஒரு டேங்கின் பீரங்கி எவ்வளவு கீழே இறங்கும் என்பது அதன் துளைக்கும் திறனுக்கு இணையான முக்கியத்துவம் உள்ளது. ஏப்ரம்ஸின் பீரங்கி 10 டிகிரி கீழே இறங்கும். டி-72-க்கு சுமார் 6 டிகிரி. டி-34-85-க்கு 5. மேட்டின் பின்சரிவில் நின்று டரட்டை (பீரங்கி பொருத்திய, சுழலும் மேல்பகுதியை) மட்டும் காட்டிச் சுட வேண்டுமானால் பீரங்கி இறங்கியாக வேண்டும். ஏப்ரம்ஸ் அப்படி நிற்கும் அதே மேட்டில் டி-72 சுட வேண்டுமானால் முழு உடலையும் உச்சிக்கு ஏற்ற வேண்டியிருக்கும். அப்புறம் பின்வேகம். ஏப்ரம்ஸ், லெப்பர்ட் 2 இரண்டும் மணிக்கு 30 கி.மீ.க்கு மேல் பின்னோக்கிப் போகும். சுட்டதும் மறைந்துவிடலாம். டி-72 பின்னோக்கி 4 கி.மீ. அளவில்தான் ஊரும். அது பாந்தரின் நிலைமையேதான்.

டி-72 மோசமான வண்டி என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். அதன் உருவம் தாழ்வானது, முன்கவசம் வலுவானது, தானியங்கி லோடர் ஒரே வேகத்தில் குண்டேற்றும். பின்வாங்க வேண்டிய தேவையே எழாத இடத்தை முன்கூட்டித் தேர்ந்தெடுக்கிறவர்தான் அதை நன்றாக ஓட்டுவார். சமதளத்தில், கட்டட மூலையில், ஒரு திசையை மட்டும் காவல் காத்து நிற்பது. அல்லது அணி முன்னேறும்போது கூடவே நிற்காமல் முன்னேறுவது. சோவியத் வடிவமைப்பாளர்கள் பரந்த சமவெளியில் தாக்கி முன்னேறும் போரை மனதில் வைத்தார்கள். மேற்கு ஜெர்மனியின் மேடு பள்ளங்களில் எண்ணிக்கையில் பெரிய படையைத் தடுத்து நிறுத்தும் போரை நேட்டோ நாடுகள் மனதில் வைத்தன. அந்த இரண்டு சிந்தனைகளும் பீரங்கி இறங்கும் கோணத்திலும் கியர்பாக்ஸிலும் பதிந்திருக்கின்றன. வண்டி எந்தப் போருக்காகக் கட்டப்பட்டதோ அந்த இடத்தை மேப்பில் தேடுங்கள். அது கிடைத்துவிட்டால் பாதி ஆட்டம் முடிந்தது.

நம்மூரோடு தொடர்புள்ள ஒரு வண்டியும் விளையாட்டில் இருக்கிறது. பிரிட்டிஷ் வரிசையில் வரும் விக்கர்ஸ் எம்பிடி-யைப் பார்த்திருப்பீர்கள். அதே வடிவமைப்புதான் சென்னையை அடுத்த ஆவடியில், கனரக வாகனத் தொழிற்சாலையில், 1960-களின் நடுவிலிருந்து விஜயந்தாவாக உருவானது. 105 மி.மீ. எல்7 பீரங்கி, அதிகபட்சம் 80 மி.மீ. கவசம். அந்தக் காலத்து எந்தக் குண்டும் அந்தக் கவசத்தைத் துளைத்துவிடும். ஆகவே அதில் ஆடும்போது கவசம் என்ற சொல்லையே மறந்துவிட்டு, முதலில் பார்த்து முதலில் சுட்டு இடம் மாறும் ஆட்டம் ஆட வேண்டும். லெப்பர்ட் 1 ஓட்டிப் பழகியவர்களுக்கு அது உடனே கைவரும்.

இனி எங்கே சுடுவது என்பதைப் பார்ப்போம். வேர்ல்ட் ஆஃப் டேங்க்ஸ் ஆடிவிட்டு இங்கே வருகிறவர்களுக்கு இது முதலில் குழப்பமாக இருக்கும். அங்கே வண்டிக்கு உயிர்ப்புள்ளிகள் உண்டு. ஒவ்வொரு துளைப்பும் அதிலிருந்து ஒரு பகுதியைக் குறைக்கும். வார் தண்டரில் அந்தப் புள்ளிகள் கிடையாது. குண்டு உள்ளே போய் எதைத் தொட்டது என்பதே கணக்கு. எங்கும் துளைக்க முடியாத எதிரியாக இருந்தாலும் பீரங்கிக் குழலை உடைக்கலாம், டிராக்கை (சக்கரங்களைச் சுற்றிய சங்கிலிப் பட்டையை) கழற்றலாம். லைட் டேங்கில் இருந்துகொண்டு டைகரைச் சந்தித்தால் குழலைச் சுடுங்கள். அது பழுது பார்க்கிற நேரத்தில் நீங்கள் பக்கவாட்டுக்குப் போய்விடலாம். துளைக்க முடிந்த எதிரி என்றால் முதல் குறி துப்பாக்கி இயக்குநர். அவர் செத்தால் எதிரியால் சில நொடிகளுக்குப் பதிலடி தர முடியாது. இரண்டாவது குண்டு உங்களுக்கு இலவசம்.

குண்டு வைக்கும் இடங்களைத் தெரிந்துகொள்வது இன்னும் பெரிய பலன் தரும். டி-72-இல் 22 குண்டுகள் டரட்டுக்கு நேர் கீழே தரையோடு சுழலும் தட்டில் இருக்கின்றன. பக்கவாட்டில் சுட வாய்ப்பு கிடைத்தால் நடுச் சக்கரங்களின் உயரத்தில் குறிவைத்தால் போதும். நீங்கள் அதை ஓட்டும்போது 22-க்கு மேல் எடுக்காதீர்கள். மீதிக் குண்டுகள் உடலெங்கும் சிதறிக் கிடக்கும், ஒவ்வொன்றும் ஒரு ஆபத்து. லெப்பர்ட் 2-இல் 15 குண்டுகள் டரட்டின் பின்பெட்டியில், வெடித்தால் மேல்நோக்கித் திறந்துவிடும் தகடுகளுக்கு அடியில் இருக்கின்றன. மற்ற 27 குண்டுகள் ஓட்டுநருக்குப் பக்கத்தில், உடலின் முன்பகுதியில். அந்த முன்பெட்டியில் அடிபட்டால் பிழைப்பது அரிது. 15 எடுத்துப் போனால் அந்தப் பெட்டியே காலியாக இருக்கும். இதற்கு எந்த அப்டேட்டும் தேவையில்லை, எந்தப் பணமும் தேவையில்லை. இன்றே செய்யலாம்.

அடுத்தது பார்ப்பது. ரியலிஸ்டிக்கில் எதிரியின் தலைக்கு மேல் குறி தெரியாது. எளிய ஆட்டமுறையான ஆர்கேடில் கிடைக்கும் துளைப்புக் குறியும் இங்கே இல்லை. ஆனால் வண்டிக்குப் பின்னால் நிற்கும் கேமரா இருக்கிறது. சுவருக்குப் பின்னால் நின்றபடியே மேலே பார்க்கலாம். உங்களைத் தாக்கக் காத்திருப்பவருக்கும் இதே வசதி இருக்கிறது. நீங்கள் வரும் வழியை அவர் பார்த்துக்கொண்டே இருக்கிறார் என்று எண்ணியே ஒவ்வொரு மூலையையும் தாண்டுங்கள். காதையும் பயன்படுத்துங்கள். எஞ்சினை அணைத்துவிட்டு நின்றால் அடுத்த தெருவில் வரும் வண்டியின் சத்தம் தெளிவாகக் கேட்கும். ஹெட்போன் இல்லாமல் இந்த முறையை ஆடுவது பாதிக் கண்ணை மூடிக்கொண்டு ஆடுவது போல. சிமுலேட்டர் முறையில் அந்த வெளிக் கேமராவும் இல்லை என்பதால் அங்கே காது இன்னும் முக்கியம்.

தூரம் கணிப்பதும் இதில் சேரும். லேசர் தூரமானி வருவதற்கு முந்தைய வண்டிகளில் மில் கணக்கு ஒன்று போதும் (மில் என்பது குறிபார்க்கும் கண்ணாடியில் கோடிட்டிருக்கும் சிறு கோண அளவு): பொருளின் அகலத்தை மீட்டரில் எடுத்து 1000-ஆல் பெருக்கி, கண்ணாடியில் தெரியும் மில் அளவால் வகுத்தால் தூரம். டி-34 சுமார் 3 மீட்டர் அகலம். அது 4 மில் அகலத்தை நிரப்பினால் 750 மீட்டரில் நிற்கிறது. சில நாள் ஆடினால் கணக்கே போடாமல் கண்ணால் சொல்லிவிடுவீர்கள்.

சரி, அப்டேட்டுகளுக்கு வருவோம். விளையாட்டை உருவாக்கும் கெய்ஜின் நிறுவனம் ஆண்டுக்குப் பல பெரிய அப்டேட்டுகளை வெளியிடுகிறது, இடையிடையே பி.ஆர். மாற்றங்களும் வரும். மாற்றங்களின் பட்டியல் நீளமாக இருக்கும். அதைப் படிக்கும்போது நான் மூன்றே கேள்விகள் கேட்கிறேன்: இது யார் யாரைப் பார்க்க முடியும் என்பதை மாற்றுகிறதா? எது எதைத் துளைக்கும் என்பதை மாற்றுகிறதா? அல்லது ஒரு தவறுக்கு நான் கொடுக்கும் விலையை மாற்றுகிறதா? இவற்றில் எதையும் தொடாத புதிய வண்டி வெறும் புதிய வண்டிதான். அவசரப்பட வேண்டாம்.

பார்வையை மாற்றிய அப்டேட்டுகள்தான் எப்போதும் பெரியவை. வெப்பப் படக்கருவிகள் வந்தபோது உயர் பி.ஆரில் புதருக்குள் ஒளிவது அநேகமாக முடிந்துபோனது. கெட்டியான மண்மேடும் கட்டடமும் மட்டுமே மறைப்பாக மிஞ்சின. ஆனால் புதருக்குள் நின்றவர்கள்தான் பாதிக்கப்பட்டார்கள். மேட்டுக்குப் பின்னால் நின்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

வானப் போரில் 2024 ஜூனில் வந்த ‘சீக் அண்ட் டெஸ்ட்ராய்’ இதற்கு இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. ஏஐஎம்-120, ஆர்-77 போன்ற, தன்னுள்ளேயே ரேடார் கொண்ட ஏவுகணைகள் அதில் வந்தன. அதுவரை பெரும்பாலான ரேடார் ஏவுகணைகளுக்கு, ஏவுகணை போய்ச் சேரும்வரை ஏவிய விமானம் இலக்கை ரேடாரில் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இவை வந்தபின் ஏவிவிட்டுத் திரும்பிவிடலாம், ஒரே நேரத்தில் பலரைத் தாக்கலாம். ஆட்டமே மாறிவிட்டது என்று பலரும் சொன்னார்கள், உண்மைதான். ஆனால் தப்பும் வழி மாறவில்லை. டாப்ளர் ரேடார் தன்னை நோக்கியோ விலகியோ வரும் வேகத்தை வைத்துத்தான் விமானத்தைத் தரையிலிருந்து பிரித்தறிகிறது. ரேடாரின் கற்றைக்குச் செங்குத்தாகத் திரும்பினால் அந்த வேகம் ஏறக்குறைய சுழியம் ஆகிறது. தரையின் எதிரொலியோடு நீங்கள் கலந்துவிடுகிறீர்கள். நாட்ச் எடுப்பது என்று இதைத்தான் சொல்கிறார்கள். பழைய ஏவுகணைக்கு எதிராக அதை ஒழுங்காகப் பழகியவர்கள் புதியதற்கு எதிராகவும் பிழைத்தார்கள். இப்போது செங்குத்தாக இருக்க வேண்டியது ஏவிய விமானத்துக்கா, நெருங்கிவரும் ஏவுகணைக்கா என்பதை மட்டும் கூடுதலாக யோசிக்க வேண்டும்.

துளைப்பை மாற்றும் அப்டேட்டுகளில் குண்டுக்குப் பருமன் கொடுத்த மாற்றம் முக்கியமானது. முன்பு குண்டு ஒரு கோடு மாதிரி கணக்கிடப்பட்டது; சிறிய இடுக்கில்கூட நுழைந்துவிடும். இப்போது குண்டுக்கு அதன் உண்மையான அகலம் உண்டு. 122, 152 மி.மீ. குண்டுகள் தகட்டின் விளிம்பில், பக்கத்துத் தடித்த பகுதியில் தட்டி நின்றுவிடலாம். எனவே சிறு இடுக்கைக் குறிவைக்கும் பழக்கத்தை விட்டுவிட்டு, பெரிய, தட்டையான பலவீனப் பகுதியைக் குறிவையுங்கள். சில டேங்குகளுக்குப் பிற்பாடு சேர்க்கப்பட்ட உள் விரிப்புகள் துண்டுகள் சிதறும் பரப்பைக் குறைக்கின்றன. அவற்றுக்கு எதிராக ‘எங்காவது துளைத்தால் போதும்’ என்பது போதாது. ஆட்களோ குண்டுகளோ இருக்கும் நேர்கோட்டிலேயே சுட வேண்டும்.

உயர் பி.ஆர். டேங்குகளின் எண்கள் மட்டும் ஏன் அடிக்கடி மாறுகின்றன என்று நினைத்திருப்பீர்கள். டைகரின் தகடுகளை யாரும் அளக்கலாம். 1943 ஏப்ரலில் துனிசியாவில் பிரிட்டிஷ் படை பிடித்த டைகர் 131 இன்றும் இங்கிலாந்தின் போவிங்டன் அருங்காட்சியகத்தில் ஓடும் நிலையில் இருக்கிறது. இன்றைய டேங்கின் டரட் கவசம் ரகசியம். விளையாட்டில் இருப்பது கிடைக்கும் ஆவணங்களிலிருந்து செய்த மதிப்பீடு. இதனால்தான் தன் டேங்கின் கவசம் தவறாகக் காட்டப்படுகிறது என்று நிரூபிக்க 2021 ஜூலையில் பிரிட்டிஷ் டேங்கான சேலஞ்சர் 2-இன் கையேட்டுப் பக்கங்களையும், அதே ஆண்டு அக்டோபரில் பிரெஞ்சு டேங்கான லெக்லர்க்கின் கையேட்டுப் பக்கங்களையும் ஆட்டக்காரர்கள் பொதுவெளியில் போட்டார்கள். நிறுவனம் அவற்றை நீக்கிவிட்டது. ரகசிய ஆவணத்தை ஆதாரமாக ஏற்பதில்லை என்பதும் அதன் நிலைப்பாடு. யாரும் இதைச் செய்யாதீர்கள் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு விளையாட்டின் எண்ணுக்காக உண்மையான வண்டிக்குள் இருப்பவரின் உயிரோடு விளையாடக் கூடாது. உத்தி கற்க விரும்புகிறவருக்கு இதில் ஒரு நடைமுறைக் குறிப்பும் இருக்கிறது: 3.7 முதல் 6.7 வரையிலான பி.ஆரில் ஆடிக் கற்றுக்கொள்ளுங்கள். அங்கே எண்கள் நிலையாக இருக்கின்றன, எனவே கற்றதும் நிலைக்கும்.

மூன்றாவது, விலை. 2023 மே மாதம் பொருளாதார மாற்றங்கள் அறிவிக்கப்பட்டபோது ஆட்டக்காரர்கள் கொதித்துப் போய் விளையாட்டு விற்பனைத் தளமான ஸ்டீமில் எதிர்மறை மதிப்புரைகளைக் குவித்தார்கள். நிறுவனம் அந்த மாற்றங்களைத் திரும்பப் பெற்று, அடுத்துச் செய்யவிருப்பவற்றின் பட்டியலை வெளியிட்டது. அது வெறும் சம்பாத்தியத் தகராறு என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு முறை செத்தால் சில்வர் லயன் (விளையாட்டுக்குள் உள்ள பணம்) இழப்பு பெரிதாக இருந்தால் எல்லோரும் தூரத்திலேயே நின்று சுடுவார்கள், வெற்றிக்காகக் கைப்பற்ற வேண்டிய பாயிண்டைப் பிடிக்க யாரும் போக மாட்டார்கள், முதல் சாவிலேயே வெளியேறுவார்கள். பழுதுச் செலவு எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்று பார்த்தால் அடுத்த மாதம் எதிரிகள் எவ்வளவு துணிச்சலாக ஆடுவார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

கடைசியாக உங்கள் வண்டி வரிசை. ஆட்டக்காரர்களை அணி சேர்க்கும் மேட்ச்மேக்கர் உங்கள் பி.ஆரைவிட 1.0 வரை கூடிய எதிரிகளோடு உங்களைச் சேர்க்கலாம். ஆகவே ஒரே ஒரு நல்ல டேங்கை வைத்துக்கொண்டு போகாதீர்கள். ஒரே பி.ஆரில் இரண்டு டேங்க், ஒரு விமான எதிர்ப்பு வண்டி, முடிந்தால் ஒரு விமானம் வைத்துக்கொள்ளுங்கள். எதிரணியில் இரண்டு மூன்று பேர் தொடர்ந்து கொன்றிருந்தால் சில நிமிடங்களில் குண்டு விமானங்கள் வரும். அதற்கு அவர்களுக்கு ஸ்பான் புள்ளி (புதிய வண்டியோடு களமிறங்கத் தேவையான புள்ளி) சேர்ந்திருக்கும். அந்த நேரத்தில் இன்னொரு டேங்கை எடுத்துக்கொண்டு அதே தெருவுக்குப் போவதைவிட, விமான எதிர்ப்பு வண்டியோடு நண்பர்கள் நிற்கும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் நிற்பது அணிக்குப் பெரிய உதவி. ஜெர்மன் வரிசையில் இதற்கு நல்ல வண்டிகள் இருக்கின்றன. விர்பெல்விண்ட் இருந்தால் அதையே எடுங்கள். நான்கு 20 மி.மீ. குழல்கள், டரட்டின் மேல்பக்கம் மட்டும்தான் திறந்திருக்கும், அருகில் வரும் லைட் டேங்குகளின் பக்கவாட்டையும் அது துளைக்கும்.